கம்பெனி வண்டி வரும் தெரு

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே பாலாற்றை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் பிரயாணம் செய்திருப்பவர்கள், கூட்டுரோடுகளில் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் காத்து நிற்கும் காட்சியைத் தவறாமல் கண்டிருப்பார்கள். தோளில் ஒரு பையும் பைக்குள் ஒரு சாப்பாட்டு டப்பாவுமாக, பள்ளிப் படிப்பை முடித்த பெண் முதல் பேரன் எடுத்த பாட்டி வரையில் நிற்கின்ற அந்தக் கூட்டத்தின் எதிரே, ஷூ கம்பெனிகளின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, அவர்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. பெண்பிள்ளை தனியே வெளியே போகலாமா என்ற பழைய கேள்விக்கு இந்த வட்டாரம் தன் அநுபவத்தால் கண்டுபிடித்த விடை அந்த வண்டி. ஆனால் அதே தெருவில், அதே வீட்டில், பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் பௌதிகமும் நன்றாகப் படித்துத் தேறிய பெண் ஒருத்தி, தான் யந்திரப் பொறியியலோ தோல் தொழில்நுட்பமோ படிக்கப் போவதாகச் சொன்னால், அவளுக்குக் கிடைக்கும் விடை வேறாக இருக்கிறது.

அந்த வீடுகளின் பேச்சைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புதிதாக இராது. "கம்பெனி வண்டி வாசலாண்ட வந்து ஏத்திக்கினு போவுது, சாயங்காலம் வாசலாண்டயே வுட்டுட்டுப் போவுது. காலேஜுன்னா பஸ்ஸு மாறி ரயிலு மாறிப் போவணும். காலம் கெட்டுக் கெடக்குது, பொட்டப் புள்ளைய எப்படி அனுப்புறது?" என்பாள் தாய். "அக்கா மட்டும் இருட்டோட போறாளேம்மா?" என்பாள் மகள். "அவ பத்துப் பேரோட போறா" என்று தாய் சொல்லுவாள். அதோடு பேச்சு முடிந்துபோகும். தாயின் அந்தக் கடைசி வார்த்தையை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. இவ்வட்டாரத்துப் பெண்கள் வெளியுலகத்துக்கு வந்த சரித்திரம் முழுவதும் அந்த நான்கு சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது என்றே கருதுகிறேன்.

தோல் தொழில் இங்கே வேரூன்றிய விருத்தாந்தத்தைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். வட ஆர்க்காட்டு வறண்ட பூமியில் தானாக வளரும் ஆவாரஞ்செடியின் பட்டையும், மலைக்காடுகளிலிருந்து வந்த கடுக்காயும், அந்நாளில் மணலுக்கடியில் நல்ல நீர் சுரந்த பாலாறும், ஆடு மாடு நிறைந்த கிராமங்களும் ஒருங்கே அமைந்திருந்தமையால், பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியிலும் பட்டைக் குழியிலும் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிடும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊர்களில் பெருகியது. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடத் தொடங்கி, பின்பு அந்த இருப்புப்பாதை ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டபோது, பதனிட்ட தோல் துறைமுகத்துக்குப் போக நேர்வழி திறந்தது. 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரோடு அது கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போயிற்று. மேல்விஷாரம், இராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் முஸ்லிம் வணிகர்கள் அதனால் செல்வம் பெற்றார்கள். குழியில் இறங்கித் தோலைப் புரட்டிய தொழிலாளரோ பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரார் 'தோல் ஷாப்பு' என்று வழங்கிய அந்த இடங்களில் பெண்களுக்கும் வேலை இருந்தது. உலர்த்துவதும் கூட்டுவதும் சுமப்பதுமாகிய வேலை. நாற்றமும் தீண்டாமையும் சூழ்ந்திருந்த அந்த மதிலுக்குள் இழிந்தது என்று கருதப்பட்ட வேலைக்கு ஏழைப்பெண் போவதைப்பற்றி எவரும் அன்று அச்சம் தெரிவிக்கவில்லை. இதை நாம் மறக்கலாகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் குரோம் முறை பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, 1912-இல் குரோம் லெதர் கம்பெனி ஏற்பட்டு, அதன் பெயரே ஒரு ஊரின் பெயராகிக் குரோம்பேட்டை என்று நிலைத்தது. சுதந்திரம் வந்த மறு ஆண்டில், 1948-இல், அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. எனினும் வேலூர் வட்டாரத்தின் முகத்தையே மாற்றியது 1973-ஆம் ஆண்டின் ஏற்றுமதிக் கொள்கை. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் குறைத்து, முழுவதும் முடித்த தோலையும் தோற்பொருள்களையுமே அனுப்ப வேண்டும் என்று, சீதாராமையா குழுவின் யோசனைப்படி மத்திய அரசாங்கம் முடிவு செய்தது. தோலை விற்றுவந்த முதலாளிகள் ஷூவை விற்க வேண்டியவர்களானார்கள். ஷூ செய்ய வேண்டுமானால் வெட்டவும் மடிக்கவும் தைக்கவும் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். அந்தக் கைகள் கிராமங்களிலே இருந்தன. அவை பெண்களின் கைகள்.

இவ்விதமாகத்தான் கம்பெனி வண்டி பிறந்தது. பெண்களை வேலைக்கு வரவழைக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஏற்பட்டவுடனே, அவர்கள் எப்படி வருவார்கள், யாரோடு வருவார்கள், இருட்டும் முன் எப்படி வீடு திரும்புவார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் தொழிலே விடை தேடிக்கொண்டது. ஒரே ஊர்ப் பெண்கள் ஒரே வண்டியில் ஏறினார்கள். ஒருத்தி வரவில்லையென்றால் மற்றவர்கள் அவள் வீட்டில் போய் விசாரித்தார்கள். வீட்டைவிட்டு வர முடியாத பெண்களுக்கு ஷூவின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலை வீட்டுத் திண்ணைக்கே வந்தது; ஜோடிக்கு இவ்வளவு என்று மிகச் சொற்பமான கூலிக்கு அவர்கள் ஊசி குத்தி விரல் புண்ணானார்கள். அச்சம் ஒரு நாளும் தீர்ந்துவிடவில்லை. சம்பளம் தேவைப்பட்ட வீடும் ஆள் தேவைப்பட்ட கம்பெனியும் சேர்ந்து அச்சத்துக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டன. அவ்வளவே.

ஆனால் அந்த ஏற்பாடு பெண்ணைத் தையல் யந்திரத்தின் முன் உட்காரவைத்ததோடு நின்றுவிட்டது. அந்த யந்திரம் பழுதுபட்டால் திருத்த வருபவர் ஆண். ஷூவின் அளவையும் வடிவையும் கணினியில் வரைபவர், கொதிகலனையும் டிரம்மையும் பராமரிப்பவர், தோலின் தரத்தைச் சோதிக்கும் இரசாயனக் கூடத்துக்குப் பொறுப்பானவர், கழிவுநீர் நிலையத்தை நடத்துபவர் ஆகிய யாவரும் பெரும்பாலும் ஆண்கள். இருபது வருஷம் ஒரே யந்திரத்தில் உட்கார்ந்து, அதன் ஒவ்வொரு முனகலுக்கும் காரணம் அறிந்த பெண்மணி, அதன் மூடியைத் திறந்து பார்க்கும் அதிகாரம் பெறாமலே ஓய்வு பெறுகிறாள்.

சட்டமும் இதற்குத் துணை நின்ற காலம் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, மாலை ஏழு மணிக்குப் பிறகும் காலை ஆறு மணிக்கு முன்னரும் பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யலாகாது என்று விதித்தது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட விதிதான். மில்களில் பெண்களை இரவும் பகலும் வாட்டிய கொடுமையை நிறுத்த வந்த விதிதான். ஆயினும், தொழிற்சாலையில் யந்திரங்களுக்குப் பொறுப்பான ஒருவர் இரவுமுறையிலும் வந்தாக வேண்டும் என்ற நிலையில், பெண்ணுக்குப் பொறியாளர் பதவி கொடுக்காமலிருக்க அது ஒரு சௌகரியமான காரணமாயிற்று. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில், வசந்தா என்பவர் தொடர்ந்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தடையை நீக்கிய நீதிபதி பத்மநாபன் அதோடு விட்டுவிடவில்லை. வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய்விட வாகனம் வேண்டும், பெண்களைக் குழுவாகவே இரவு வேலைக்கு அமர்த்த வேண்டும், அவர்களுக்கென்று ஓய்வறை வேண்டும், பாலியல் தொந்தரவு நேராமல் காக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்றெல்லாம் நிபந்தனைகளை வரிசையாக விதித்தார். ஆம்பூர்த் தாய் சொன்ன "பத்துப் பேரோட" என்ற வார்த்தைக்கு நீதிமன்றமே சட்டபூர்வமான உருவம் கொடுத்தாற்போல அந்தத் தீர்ப்பு எனக்குத் தோன்றுகிறது.

பெண்களுக்கு உயர்ந்த தொழிற்கல்வி கொடுப்பது இந்த மண்ணுக்கு அந்நியமானதும் அல்ல. தோல் ஊராகிய இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். பிரசவ வேதனையில் கிடந்த மனைவியருக்கு ஆண் மருத்துவரை அழைக்க மறுத்த மூன்று வீடுகளில் ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்துபோனதைத் திண்டிவனத்தில் அறிந்து, அமெரிக்காவுக்குச் சென்று மருத்துவம் பயின்று, 1900-ஆம் ஆண்டில் வேலூருக்குத் திரும்பி வந்தார். 1918-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியை அவர் ஆரம்பிக்க முயன்றபோது, மூன்று விண்ணப்பங்கள் வந்தாலே பெரிது என்ற பாவனையில்தான் மேலதிகாரிகள் அநுமதி கொடுத்தார்களாம். வந்து குவிந்த விண்ணப்பங்களோ நூற்றுக்கு மேற்பட்டவை. பிணத்தை அறுத்துப் படிக்க வேண்டிய, நள்ளிரவில் எழுந்து ஓட வேண்டிய, அந்நிய ஆடவரைத் தொட்டுச் சிகிச்சை செய்ய வேண்டிய ஒரு தொழிலுக்கு, அந்நாளைய பெற்றோர் தம் பெண்களை எப்படி அனுப்பினார்கள்? பள்ளியின் பக்கத்திலேயே விடுதி இருந்தது, ஆசிரியைகள் உடனிருந்தார்கள், சேர்ந்து படிப்பவர்கள் யாவரும் பெண்கள். 1947 வரையில் ஆண்கள் அங்கே சேர்க்கப்படவே இல்லை. பெண் மருத்துவர் தேவை என்று சமூகம் முடிவு செய்தது. தேவை என்று முடிவானதும் காவலும் கூடவே வந்துவிட்டது.

பொறியியலின் கதை இன்னும் நுட்பமானது. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1943-இல் மின்பொறியியலில் தேறி, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்று பெயர் பெற்ற லலிதா அம்மையாருக்குப் பதினைந்து வயதிலேயே விவாகம் நடந்தது. பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு, கைம்பெண்ணானார். வைதவ்யம் என்பது வாழ்நாள் முழுவதும் ஒரு மூலையில் முடங்கிக் கிடப்பது என்று இருந்த காலம் அது. மறுபடி படிக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தபோது மருத்துவத்தை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்கு அவருடைய மகள் பிற்காலத்தில் சொன்ன காரணம் என் மனத்தை விட்டு அகலவில்லை. மருத்துவரானால் நள்ளிரவில் குழந்தையை விட்டுவிட்டு ஓட நேரும். பொறியாளரானால் குறித்த நேரத்தில் போய்க் குறித்த நேரத்தில் வீடு திரும்பலாம் என்று அவர் கருதினாராம். பெண்ணுக்குப் பத்திரமான தொழில் எது என்று நிதானமாக ஆலோசித்து, முதல் பெண் பொறியாளர் பொறியியலுக்கு வந்து சேர்ந்தார்! இன்று பொறியியல் என்றவுடன் பயப்படுகிற பெற்றோர் இதைச் சிறிது சிந்திக்க வேண்டும்.

அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். கல்லூரித் தலைவர் சாக்கோவிடமும், கல்வி இலாகாத் தலைவர் ஸ்டாதமிடமும் அவரே சென்று பேசி மகளுக்கு இடம் பெற்றார். நூற்றுக்கணக்கான ஆண்கள் படிக்கும் இடத்தில், விடுதியில் ஒருத்தியாகத் தங்கிய லலிதாவுக்குத் தனிமை பெரும் பாரமாயிற்று. தந்தை இதற்கும் ஒரு வழி கண்டார்: இந்தக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொள்ளும் என்ற செய்தியை வெளியே பரவச் செய்தார். அதைக் கண்டு வந்து சேர்ந்தவர்கள்தான் லீலம்மா ஜார்ஜும் தெரேசியாவும். இருவரும் சிவில் பொறியியல் படித்தார்கள். பட்டச் சான்றிதழில் அச்சிட்டிருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லை எழுதிக் கொடுத்தார்களாம். தெரேசியா அம்மையார் 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். லலிதா அம்மையார் கல்கத்தாவில் பல ஆண்டுகள் பணிபுரிந்து, பக்ரா நங்கல் அணையின் மின்சாரத்தைக் கொண்டு செல்லும் பாதைகளின் வடிவமைப்பில் பங்கு பெற்று, 1964-இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்கும் சென்று வந்தார்.

எல்லாப் பெண்களுக்கும் தந்தை பேராசிரியராக வாய்ப்பதில்லை. சுப்பாராவ் ஒருவர் தம் மகளுக்காகச் செய்த காரியங்களை, அதாவது அதிகாரிகளிடம் பேசுவது, தங்க இடம் பார்ப்பது, துணைக்கு இருவரைச் சேர்ப்பது என்னும் இந்த மூன்றையும், தோல் ஷாப்புத் தொழிலாளியின் மகளுக்காகச் செய்து கொடுக்க வேண்டியவர்கள் யார் என்பதே இன்றைய கேள்வி.

அச்சம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பெண்ணைப் பெற்றவர்களுக்குச் செய்யும் துரோகம். 2025 பிப்ரவரியில், ஜோலார்பேட்டையிலிருந்து காட்பாடிக்கு வரும் இதே இருப்புப்பாதையில், பெண்களுக்கென்றே ஒதுக்கிய பெட்டியில் தனியே இருந்த கர்ப்பிணி ஒருவர், தம்மை நெருங்கிய கயவனை எதிர்த்ததற்காக ஓடும் ரயிலிலிருந்து கீழே தள்ளப்பட்டார். வயிற்றிலிருந்த சிசு இறந்துபோயிற்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2024 டிசம்பர் 23-ஆம் தேதி இரவு, லலிதா அம்மையார் படித்த அதே கிண்டி வளாகத்தில் ஒரு மாணவி பலாத்காரத்துக்கு ஆளானார். தம்மைப் போன்ற பிறருக்கு இது நேரக்கூடாது என்று துணிந்து அவர் போலீசில் புகார் கொடுத்தார். கொடுத்தவரை அடையாளம் காட்டும் விதமாக முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. உயர்நீதிமன்றம் தலையிட்டுப் பெண் அதிகாரிகளையே கொண்ட விசாரணைக் குழுவை நியமித்தது; 2025 ஜூன் மாதத்தில், முப்பது வருஷத்துக்குக் குறையாத ஆயுள் சிறைத் தண்டனை குற்றவாளிக்கு விதிக்கப்பட்டது. தண்டனை கிடைத்தது நியாயமே. ஆனால் அந்த மாதங்களில் எத்தனை வீடுகளில் எத்தனை பெண்களின் விண்ணப்பப் படிவங்கள் மடித்து வைக்கப்பட்டன என்பதை எந்த நீதிமன்றமும் கணக்கெடுக்கவில்லை.

உலகத்தின் மறுகோடியில் இதைவிடக் கொடிய ஒரு நாள் உண்டு. கனடா நாட்டு மான்ட்ரியல் நகரத்துப் பொறியியல் கல்லூரியில், 1989 டிசம்பர் 6-ஆம் தேதி, துப்பாக்கியோடு வகுப்புக்குள் நுழைந்த ஒருவன் ஆண்களை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பெண்களை நோக்கிச் சுட்டான். அன்று 14 பெண்கள் மாண்டார்கள். அவர்களுள் 12 பேர் பொறியியல் மாணவிகள். ஆண்களுக்குரிய இடத்துக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள் என்ற துவேஷமே அவனைத் தூண்டியது. அந்த வகுப்பிலே நான்கு குண்டுகளை உடலில் தாங்கிப் பிழைத்த நதாலி பிரோவோ என்ற மாணவி, திரும்பி வந்து படிப்பை முடித்துப் பொறியாளரானார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் பல்லாண்டு வாதாடினார். 2025-இல் அந்நாட்டுப் பார்லிமெண்டின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். துக்கம் நேர்ந்த கல்லூரி, இருபத்தைந்தாம் ஆண்டு நினைவின்போது, பொறியியல் படிக்கும் பெண்ணுக்கு வெள்ளை ரோஜாவின் பெயரால் ஆண்டுதோறும் ஓர் உபகாரச் சம்பளத்தை ஏற்படுத்தியது. இறந்தவர்களை நினைக்கும் வழி, அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சியில் இன்னொரு பெண்ணை உட்காரவைப்பதே என்று அவர்கள் கண்டார்கள்.

இங்கே இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பத்திரம், காவல் என்ற சொற்களுக்குப் பின்னே வேறு அச்சங்கள் மறைந்து நிற்பதுண்டு. படிக்கப் போன இடத்தில் வேறு சாதிப் பையனோடு பேசிவிடுவாளோ, அதிகம் படித்தால் அதற்கேற்ற மாப்பிள்ளைக்கு அதிகமாகச் சீர் செய்ய நேருமோ, ஊர் ஏதேனும் சொல்லிவிடுமோ என்கிற எண்ணங்களை வெளியே சொல்லக் கூசுகிறவர்கள் 'காலம் கெட்டுக் கிடக்கிறது' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பெண்ணுக்கு நேரும் கொடுமையில் ஒரு பகுதி, அவள் தன் விருப்பப்படி நடந்தாள் என்பதற்காக அவளைச் சேர்ந்தவர்களே செய்வது என்பதை நாம் அறியவில்லையா? அந்நியனுக்கு அஞ்சி மகளை வீட்டில் வைத்திருக்கும் தந்தை, வீட்டுக்குள் இருக்கும் அபாயத்தையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.

வேலைத்தலத்தில் நேரும் கொடுமைக்குப் பரிகாரமே இல்லை என்பதும் உண்மையல்ல. தோலுக்குப் பெயர்போன மற்றோர் ஊராகிய திண்டுக்கல்லில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் இளம்பெண் தொழிலாளி 2021-இல் தம் மேற்பார்வையாளனால் கொலையுண்டபோது, பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஓயாமல் போராடி, மறு ஆண்டில் முதலாளியையும் வெளிநாட்டு வியாபாரிகளையும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் செய்தது. தொழிற்சாலையின் ஒவ்வொரு பகுதியிலும் பயிற்சி பெற்ற பெண்களே கண்காணிப்பாளர்களாக இருந்து, முறையீடுகளை அஞ்சாமல் எடுத்துச் சொல்லும் ஏற்பாடு அதனால் வந்தது. இந்த ஏற்பாட்டை ஆம்பூர், இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளிலும் எதிர்பார்ப்பது பேராசையாகாது.

பெண் பொறியாளர்கள் இந்த வட்டாரத்துக்கு ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பாலாற்றைக் காட்டினால் போதும். 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி தோல் ஷாப்புக் கழிவைப்பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அஸ்திவாரமாயிற்று. ஒரு கிலோ தோலை முடிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், குரோம் பதனிடுதலில் சுமார் 170 வகை இரசாயனங்கள் புழங்குகின்றன என்பதும், தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஒரு பகுதியாகவோ முழுவதுமாகவோ கெட்டுவிட்டது என்பதும் அந்தத் தீர்ப்பிலே பதிவாகியிருக்கின்றன. கிணற்று நீர் செந்நிறமாகி உப்புக் கரித்தபோது, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தவர்கள் யார்? துவைத்த துணி வெளுக்கவில்லை, அடுப்பில் வைத்த பருப்பு வேகவில்லை என்று ஆற்றின் வியாதியை முதலில் அறிந்தவர்கள் யார்? பெண்களே அல்லவா? அந்த நீரைச் சுத்தம் செய்யும் பொது நிலையங்கள் வந்த பிறகு, அவற்றின் உள்ளே நடப்பதைக் கணக்கிடவும் திருத்தவும் வல்லவர்களாக அவர்களுடைய பெண்கள் வர வேண்டும் என்பது வெறும் சமத்துவப் பேச்சு அல்ல, நஷ்டப்பட்டவருக்குரிய உரிமை. 2015 ஜனவரி 31-ஆம் தேதி அதிகாலையில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். ஒரு சுவர் எவ்வளவு கனத்தைத் தாங்கும் என்று கணக்கிட்டுப் பார்க்க அங்கே ஒரு நல்ல பொறியாளர் இல்லாமற்போனதன் விலை அது. நல்ல பொறியாளரைத் தேடும்போது பாதி ஜனத்தொகையை ஒதுக்கிவிட்டுத் தேடுவது என்ன புத்திசாலித்தனம்?

படிக்க இடம் இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. 1984-இல் வேலூர்ப் பொறியியல் கல்லூரி என்ற பெயரில் 180 மாணவர்களோடு விசுவநாதன் அவர்கள் ஆரம்பித்த ஸ்தாபனம் இன்று பெரும் பல்கலைக்கழகமாகி, நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் பெண்களை வரவழைக்கிறது. 1990 முதல் வேலூரில் தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தோல் வணிகத்தால் உயர்ந்த வள்ளல் அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரால் மேல்விஷாரத்தில் 1998-இல் ஒரு பொறியியல் கல்லூரி ஏற்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண், கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் பெறும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு ஏழரை இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அம்பாசமுத்திரத்தில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பைப் படித்த கலைச்செல்வி அம்மையார், 2022-இல் நாட்டின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்துக்கு முதல் பெண் தலைமை இயக்குநரானார்; அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையம் அந்தக் கழகத்தின் ஆளுகையின் கீழ் உள்ளது. கல்லூரி உண்டு, உபகாரச் சம்பளம் உண்டு, முன்னோடிகள் உண்டு. கூட்டுரோட்டிலிருந்து கல்லூரி வாசல் வரையிலுள்ள அந்தச் சில மைல்கள்தாம் இன்னும் பெண்ணுக்குச் சொந்தமாகவில்லை.

ஷூ கம்பெனி முதலாளிகளே, முப்பது வருஷங்களுக்கு மேலாகப் பெண்களை விடியலில் அழைத்துவந்து மாலையில் பத்திரமாகக் கொண்டுபோய்விடும் வித்தையை உங்களைவிட நன்றாக அறிந்தவர் இந்தியாவிலேயே சிலர்தாம் இருப்பார்கள். உங்கள் வண்டிகளில் பத்து இருக்கைகளைக் கல்லூரி மாணவிகளுக்கு விட்டுக்கொடுங்கள். பழுது பார்க்கும் பிரிவிலும் வடிவமைப்புக் கூடத்திலும் கழிவுநீர் நிலையத்திலும் அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். ஒருத்தியை மட்டும் சேர்த்துவிட்டு அவளைத் தனியாகத் தவிக்கவிடாமல், மூன்று நான்கு பேராகச் சேருங்கள்.

பெண்ணைப் பெற்றவர்களே, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடுகிறது. கம்பெனி வண்டி நிற்கும் இடத்தில் கல்லூரி நேரத்துக்கும் ஒரு பஸ் நின்று போக வேண்டும், அங்கே ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று எழுந்து கேளுங்கள். கேட்கப் போகும்போது உங்கள் மகளையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.